எடைக்குப் போடுமுன் ஒரு மாலைப் பொழுது

2025 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14 ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 10’ என்னும் தனது ஆபரேட்டிங் சிஸ்டத்திற்கு அளித்து வந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டு காலம் உலகெங்கும் கோடிக்கணக்கான கணிப்பொறிகளை இயக்கி வந்தது அது. இல்லங்களில் உபயோகிப்போர் விரும்பினால் மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டது. அதன் பிறகு ‘விண்டோஸ் 11’க்கு மாற வேண்டும் என்பது ஏற்பாடு.

மாறுவது எளிதென்றால் இக்கட்டுரைக்கே அவசியம் இராது. புதியதைப் பதிய வேண்டுமானால் டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பு கணிப்பொறியில் இருக்க வேண்டும். பிராசஸரும் அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை, மிகச் சில நீங்கலாக, அப்பட்டியலில் இல்லை. ஆகவே 2017 க்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் ஏறக்குறைய யாவும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. இவை பழுதானவை அல்ல. திரை தெரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. ஆயினும் அவை காலாவதியானவை எனத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, பெற்றோரே, அன்புத் தோழியரே! நம் வீடுகளில் உள்ள கணிப்பொறிகளை எண்ணிப் பாருங்கள். நம் பள்ளியைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில் 2011 முதல் சில ஆண்டுகள் மேல்நிலை மாணவியருக்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பல இன்னும் அக்காமார், அத்தைமார் அலமாரிகளில் இருக்கின்றன. தவணையில் வாங்கியவை உண்டு. அலுவலகத்தில் கழித்ததை மாமா கொண்டுவந்து கொடுத்தவையும் உண்டு. இவற்றையெல்லாம் எடைக்குப் போடுமுன், ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு ‘லினக்ஸ்’ என்னும் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதையும் வீட்டுப் பெண்பிள்ளைகளே தம் கையால் செய்ய வேண்டும். இதுவே என் அபிப்பிராயம். மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி இப்படித் துணிந்து கூறலாமா என்று நினைப்போர், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டபின் தீர்ப்புக் கூற வேண்டுகிறேன்.

அதற்குமுன், ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்னவென்று வினவும் தாய்மார்களுக்காக ஒரு சொல். நமது விடுதிக் காப்பாளரான அருட்சகோதரியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் யார் தங்குவது, குளியலறை யாருக்கு எப்போது, யார் வெளியே செல்லலாம், பூட்டுச்சாவி யார் கையில் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பாடம் படிப்பவர்கள் மாணவியர்தாம்; ஆனால் அவர் இல்லையேல் ஒரு நாழிகையில் விடுதி சந்தைக்கடையாகிவிடும். கணிப்பொறிக்குள் நினைவகத்தையும் வட்டையும் திரையையும் பங்கிட்டுக் கொடுத்து, கடவுச்சொல்லைக் கேட்டு உள்ளே விடும் வேலையைச் செய்வதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். அதற்கு ஆதரவு நின்றது என்றால் என்ன பொருள்? மறுநாள் கணிப்பொறி ஓடாது என்பதன்று. அது வழக்கம்போல ஓடும். ஆனால் மதிற்சுவரில் புதிதாக விழும் ஓட்டைகளை அடைக்க இனிக் கொத்தனார் வரமாட்டார். வங்கிக் கணக்கையும் ஆதார் எண்ணையும் கணிப்பொறியில் கையாளும் இந்நாளில் இது சிறிய விஷயமன்று.

லினக்ஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், 1991 ஆகஸ்ட் 25 ஆம் நாள், தாம் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக அறிவித்தார். அதற்கும் முன்பே, 1983 இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ‘க்னூ’ என்ற திட்டத்தைத் தொடங்கி, எவரும் உபயோகிக்கவும், உள்ளே பிரித்துப் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு நகல் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருளை உருவாக்கி வந்தார். இரண்டும் சேர்ந்தன. இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும், 2017 நவம்பர் பட்டியல் முதற்கொண்டு, லினக்ஸிலேயே இயங்குகின்றன. 2021 இல் செவ்வாய்க் கோளில் பறந்த ‘இன்ஜெனுயிட்டி’ என்ற சிறு ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? அம்மா கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸே. ஆகவே, ‘எங்களுக்கு லினக்ஸ் தெரியாது’ என்று சொல்லும் வீடு இன்று இல்லை எனலாம். தெரியாமலே பழகிக்கொண்டிருக்கிறோம்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது 2016 இல் வாங்கிய மடிக்கணினி, 4 ஜி.பி. நினைவகம். கடையில் காட்டியபோது, இது இனி ஆகாது, 38,000 ரூபாயில் நல்லதாக ஒன்று இருக்கிறது என்றார்கள். அப்பா ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதுபவர். ஏலச்சீட்டை நட்டத்துக்கு எடுத்து வாங்கிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். அந்தச் சீட்டு என் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கட்டப்படுவது. ஆகையால் இது எனக்கு வெறும் கம்ப்யூட்டர்ப் பிரச்சினையாக இருக்கவில்லை.

எங்கள் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸைப் பற்றியும் பாடம் உண்டு. தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாக அதை மனனம் செய்கிறோமே தவிர, கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. ஆசிரியையிடம் சந்தேகம் கேட்டு, உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு உருவான ‘லினக்ஸ் மின்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு 2 ஜி.பி. நினைவகமே போதும், 4 இருந்தால் நலம் என்று அதை வெளியிடுவோரே குறித்திருக்கிறார்கள். அதிலும் ‘எக்ஸ்.எஃப்.சி.ஈ.’ என்ற பதிப்பு பழைய கணிப்பொறிகளுக்கு இலகுவானது. முழுக் கோப்பும் ஏறக்குறைய 3 ஜி.பி. வரும். எங்கள் கைப்பேசித் திட்டத்தில் நாளொன்றுக்கு 2 ஜி.பி.க்கு மேல் கிடையாது. ஆதலால் சித்தப்பா வீட்டு வை-ஃபையில் இறக்கினேன். (சித்தி கொடுத்த பணியாரம் தனிக்கதை.)

இறக்கியவுடன் அவசரப்படலாகாது. வெளியிட்டவர்கள் அந்தக் கோப்புக்கு ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். நம்மிடம் வந்த கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இது வீண் சடங்கன்று. 2016 பிப்ரவரி 20 ஆம் நாள் லினக்ஸ் மின்ட் அமைப்பின் இணையதளத்தையே சிலர் கைப்பற்றி, கள்ளவழி வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். உண்மையான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தகைய போலி தெரிந்துவிடும். ‘இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பத்திரம்’ என்று நான் வாதாட வரவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ‘ரூஃபஸ்’ என்ற சிறு மென்பொருளின் உதவியால் அந்தக் கோப்பை எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே அண்ணன் திருமணப் படங்கள் உள்ள பென் டிரைவை எடுத்து வராதீர்கள். கணிப்பொறியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தினால் (கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்), எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டினால், இரண்டொரு நிமிடத்தில் புதிய திரை வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. போகாது என்பதுதான் இதன் விசேஷம். பென் டிரைவிலிருந்து இயங்கும்போது லினக்ஸ் பென் டிரைவிலும் நினைவகத்திலும் மட்டுமே குடியிருக்கிறது. ‘பதிவு செய்’ என்று நாமாகச் சொல்லாதவரை வட்டின் அமைப்பில் கை வைப்பதில்லை. நிறுத்திப் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல எழுந்து வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதில் ஆழம் பார்க்கக் கோலை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கடையில் புடவை எடுக்கும்போது எத்தனை மடிப்பைப் பிரித்துப் பார்க்கிறோம்! பத்தாண்டு உபயோகிக்கும் பொருளுக்கு அவ்வளவாவது வேண்டாமா?

அந்த மாலையில் நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வை-ஃபை உடனே கிடைத்தது. ஒலி வந்தது. காமிராவில் என் முகம் தெரிந்தது. ஃபயர்ஃபாக்ஸில் வங்கியின் பக்கமும் பள்ளிக்கல்வித் துறையின் பக்கமும் திறந்தன. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் சற்றுக் குறைவாகவே இருந்தது. இதை வைத்து முடிவு கட்டலாகாது. தம்பி மட்டும், தன் விளையாட்டு இதில் ஓடவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போட்டி விளையாட்டுகள் சில லினக்ஸை ஏற்பதில்லை என்பது உண்மையே. இதை நான் குறையாகக் கருதவில்லை, அம்மாவும் கருதவில்லை.

அம்மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருமணத்துக்கு முன் அவர் தட்டச்சுப் பயிலகத்தில் படித்துத் தமிழ்த் தட்டச்சில் உயர்நிலைத் தேர்ச்சி பெற்றவர். இன்றும் தெருவில் உள்ளவர்கள் மனு, ஒப்பந்தம், கலியாணப் பத்திரிகை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். மடிக்கணினி போனால் அந்த வருமானமும் போகும். ‘எல்லாம் சரி, என் கீபோர்டு இதில் வருமா?’ என்றுதான் அவர் கேட்டார். அவருடைய விரல்கள் பழைய தட்டச்சுப் பொறியின் வரிசைக்குப் பழகியவை. 1999 இல் அரசு தரப்படுத்திய ‘தமிழ் 99’ முறையைக் கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசமும் இல்லை, விருப்பமும் இல்லை. லினக்ஸ் மின்டில் உள்ளீட்டு முறை என்ற இடத்தில் தமிழைத் தேடிப் பார்த்தேன். தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு ‘டைப்ரைட்டர்’ என்றும் ஒன்று இருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். திரையைப் பாராமல், பயிலகத்தில் அமர்ந்திருப்பவர்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு முழு விண்ணப்பத்தைத் தட்டினார். கேட்டதெல்லாம் விசைகளின் ஒலிதான். முடித்துவிட்டு, ‘இதை யார் செய்து வைத்தார்கள்?’ என்று வினவினார்.

அந்த வினாவிலேயே நான் சொல்ல வந்த கருத்துப் பாதி அடங்கியிருக்கிறது. இத்தகையவற்றைச் செய்து வைத்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்காகச் செய்தவர்கள் அல்லர். பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் எங்கோ இருப்பார்கள் என்று எண்ணிய யாரோ சிலர், எழுதிப் பொதுவில் வைத்தார்கள். ‘கோப்பு’, ‘தொகு’, ‘அச்சிடு’ என்று பட்டியல்களைத் தமிழாக்கியவர்களில் பலரும் அத்தகையோரே. தமிழாக்கங்களில் சில நெருடுகின்றன என்பதை மறைப்பதற்கில்லை; ‘அடைவு’ என்ற சொல்லைக் கண்டு அம்மா வங்கிக் கடன் அடைப்பதாக நினைத்துக்கொண்டார். ஆனால் நெருடும் சொல்லை மாற்றும்படி எழுதவும், நாமே திருத்திக் கொடுக்கவும் அங்கே வழி திறந்திருக்கிறது. தமிழ் நன்றாக எழுதும் மாணவியர் நம் பள்ளியில் எத்தனை பேர்! பேச்சுப் போட்டிக் கோப்பைகளோடு இதுவும் ஒரு தமிழ்த்தொண்டு அன்றோ?

அம்மாவின் பழைய கோப்புகளில் மட்டும் ஒரு சிக்கல் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அவர் தட்டியவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறி எதில் திறந்தாலும் தமிழுக்குப் பதிலாகப் புரியாத ஆங்கில எழுத்துகள் குவியும். இது லினக்ஸின் குற்றமன்று. அக்கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒளித்து வைத்து வேலை செய்தவை. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே தனியிடம் உண்டு. பழையவற்றை மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துவது நல்லது.

அப்பாவின் விஷயம் வேறு. கணக்கு முடிக்கும் மாதங்களில் அவர் டேலியில் வீட்டிலும் வேலை பார்ப்பார். டேலி விண்டோஸுக்காக ஆக்கப்பட்டது. லினக்ஸில் அதை ஓட்டச் சுற்றுவழிகள் உண்டு என்கிறார்கள். ஆனால் முதலாளியின் கணக்கைச் சுற்றுவழியில் விடுவதற்கு அப்பா சம்மதிக்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். இதுபோலவே ஆட்டோகேட் வேண்டிய பொறியியல் மாணவிக்கும், விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி மென்பொருள் உள்ள அச்சுப்பொறியை வைத்திருப்பவருக்கும் லினக்ஸ் மட்டும் போதாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இதற்கு மாறுங்கள் என்று முழங்குவோர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அது நேர்மையன்று.

நாங்கள் செய்தது இரண்டையும் ஒரே வட்டில் அருகருகே வைத்துக்கொண்டதுதான். பதியும்போது ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் பதி’ என்று ஒரு வழி காட்டும். வட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்று கோட்டை நகர்த்திக் காட்டலாம். இந்தக் கட்டத்தில் மட்டும் வட்டில் கை வைக்கிறோம் ஆதலால், முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து, அந்நகல் திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நாங்கள் அப்படி நகலெடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இப்போது இயக்கியவுடன் எது வேண்டும் என்று கேட்கிறது. அப்பா கணக்குக்கு மட்டும் விண்டோஸுக்குப் போவார். அப்போது இணையத்தைத் துண்டித்துவிடுவோம். மற்ற வேலைகள் யாவும் லினக்ஸில். ஏலச்சீட்டு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

‘சும்மா கிடைப்பது எதற்கு உதவும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஊர்களில் பழைய கணிப்பொறியைக் கொண்டுபோனால் சில நூறு ரூபாய்க்குப் பூட்டை உடைத்த விண்டோஸைப் பதிந்து தரும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. உரிமம் இல்லாத அந்நகல் பிறர் பொருள்; பூட்டை உடைக்கும் சிறு நிரல்களோடு வைரஸும் கூடவே வருவதுண்டு. மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளையைத் தடையின்றி ஒப்புவித்துவிட்டு, வீட்டில் அந்தக் கணிப்பொறியிலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறோம். இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. லினக்ஸில் நகல் எடுப்பதும் கொடுப்பதும் உரிமத்திலேயே எழுதப்பட்ட உரிமை. சும்மா கிடைப்பது வேறு. மனம் ஒப்பிக் கொடுக்கப்பட்டது வேறு.

நம் மாநிலத்தில் விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்பதும் சேர்த்தே பதியப்பட்டு வந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கியது அது. பெற்றவர்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் திறந்து பார்த்தார்கள்? எனக்குத் தெரிந்த அக்காமார் மூவரைக் கேட்டேன். மூவரும் அப்பெயரையே கேள்விப்படவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், பழக்கிக் கொடுக்கவில்லை. அண்டை மாநிலமான கேரளத்திலோ, அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி முழுவதையும் லினக்ஸிலேயே நடத்துகிறார்கள். அதற்கென ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அங்கே படித்த பிள்ளைகள் பிற்பாடு அலுவலகங்களில் விண்டோஸைக் கண்டு திகைத்து நிற்பதாக யாரும் கூறவில்லை. ஒரு சமையலறையில் சமைக்கத் தெரிந்தவள் அடுத்த சமையலறையில் உப்புப் புளி எங்கே என்று தேடிக்கொள்வாள்.

இதைப் பெண்பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? வீட்டில் கணிப்பொறி கெட்டால் அண்ணனை அழைக்கிறோம். அண்ணன் இல்லையேல் கடைக்காரர். நாம் அருகில் நின்று டார்ச் பிடிக்கிறோம். ‘நீ தொடாதே, கெட்டுவிடும்’ என்ற சொல்லைக் கேட்காத மாணவி நம்மில் உண்டா? அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி யாரென்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் ஒரு கன்னிகாஸ்திரீ. அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்பது அவர் பெயர். 1965 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 51. அதன் பின் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபதாண்டுக் காலம் நடத்தினார். 51 வயதில் ஓர் அருட்சகோதரி தொட்டுக் கெடாத யந்திரம், 16 வயதில் நாம் தொட்டால் மட்டும் கெட்டுவிடுமோ? அதிலும் பென் டிரைவிலிருந்து இயக்கும் சோதனை, தொட்டாலும் கெடாதபடியே அமைக்கப்பட்டிருக்கிறது. பயிலத் தொடங்குபவளுக்கு இதைவிடப் பாதுகாப்பான மைதானம் கிடைப்பதரிது.

உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. நம் வீட்டு மடிக்கணினி ஒன்று அதில் எம்மட்டு என்று கேட்கலாம். எங்கள் தெருவில் பழைய சாமான் எடுப்பவர், மின்கம்பிகளைக் கொளுத்திச் செம்பு பிரிக்கும் புகையை நான் தினமும் பள்ளிக்கு வரும் வழியில் சுவாசிக்கிறேன். ஆகவே எனக்கு அது சிறிதாகத் தோன்றவில்லை.

இறுதியாகப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது கணினி ஆய்வகத்தின் கடைசி வரிசையில் துணி போர்த்தப்பட்ட கணிப்பொறிகள் இருக்கின்றன. அவற்றை ஏலத்தில் விடப்போவதாகக் கேள்விப்படுகிறோம். அவற்றில் ஒன்றையேனும், ஒரு சனிக்கிழமை பிற்பகல், எங்கள் ஆசிரியையின் மேற்பார்வையில் எங்களிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். தட்டச்சும் பாடநூலின் உபுண்டுப் பாடமும் அதில் நடக்கும். பெற்றோர் கழகக் கூட்டம் நடைபெறும் நாளில் தாய்மார்கள் தத்தம் வீட்டு மடிக்கணினியைக் கொண்டுவந்தால், வட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்து இயக்கிக் காட்டவும் நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம். அச்சுப்பொறி ஓடாதென்றால் ஓடாதென்றே சொல்வோம்.

அதுவரை காத்திருக்க இயலாதவர்கள் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கு வரலாம். கோப்பு என்னிடம் இருக்கிறது, எண்ணும் சரிபார்த்தாயிற்று.